மாவுப்புழுப் பெட்டியில் என்ன கோளாறு? அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

வளர்ப்புப் பிராணிகளுக்குத் தீனியாக மீல்வார்ம் என்று விற்கப்படும் மாவுப்புழுவை, அதாவது ஒரு வண்டின் இளம்பருவத்தை, வீட்டில் வளர்ப்பது எளிது என்று எல்லோரும் சொல்வார்கள். பொய்யில்லை. கோதுமைத் தவிடும் ஒரு துண்டு காரட்டும் கிடைத்தால் அது தன் பாட்டில் வளரும். ஆனால் கோளாறு வந்துவிட்டால் காரணம் வெளியே தெரியாது. நாற்றம், பூசணம், உண்ணி, கறுத்துச் சாகும் புழு, தின்னப்பட்ட கூட்டுப்புழு என்று தனித்தனி நோய்களாகத் தோன்றுபவை பெரும்பாலும் ஒரே இடத்தில் போய் முடிகின்றன: பெட்டிக்குள் இருக்கும் ஈரம். அது மிஞ்சினாலும் கேடு, குறைந்தாலும் கேடு. ஆகவே கீழே எந்த அறிகுறியைத் தேடி வந்திருந்தாலும் முதலில் மூன்று சோதனைகளைச் செய்துவிடுங்கள்.

அடியிலிருந்து ஒரு பிடித் தவிட்டை அள்ளி, புழுக்களை விலக்கிவிட்டு, இறுக்கிப் பிடித்துக் கையை விரியுங்கள். உதிர்ந்தால் சரி. உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம். அடுத்து, வெப்பமானியைத் தவிட்டுக்குள்ளேயே செருகிப் பாருங்கள். சுவரில் தொங்கும் வெப்பமானி அறையின் கதையைச் சொல்லும், பெட்டியின் கதையைச் சொல்லாது. மூன்றாவதாக, முகர்ந்து பாருங்கள். நலமான பெட்டியில் உலர்ந்த தானிய மணத்துக்கு மேல் எதுவும் வரக் கூடாது.

ஒப்பிட்டுப் பார்க்கச் சில அளவுகளும் வேண்டும். தவிட்டுக்குள் 25 முதல் 28 டிகிரி செல்சியஸ், காற்றில் 50 முதல் 70 விழுக்காடு ஈரப்பதம் என்பது வசதியான நிலை. இந்த வெப்பத்தில் முட்டை ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு வாரத்தில் பொரியும். புழுப்பருவம் இரண்டரை முதல் நான்கு மாதம். கூட்டுப்புழு ஒன்றிரண்டு வாரம். வண்டு இரண்டு மூன்று மாதம். குளிர்ந்தால் எல்லாமே நீளும்.

## கோளாறே அல்லாதவை

பதறிப்போய்ப் பெட்டியைக் கவிழ்ப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். வெளுத்து, மெத்தென்று இருக்கும் புழு நோயாளி அல்ல. சற்று முன்புதான் தோலுரித்திருக்கிறது. வளர்ந்து முடிப்பதற்குள் பத்துத் தடவைக்கும் மேலாகத் தோலுரிக்கும் உயிரி இது. தவிட்டின் மேல் மஞ்சள் நிறத்தில் மொரமொரவென்று கிடப்பவை அந்தத் தோல்கள்தான். வெளிர்நிற வண்டும் புதிதாக வெளிவந்ததே. அது செம்பழுப்பாகி, சில நாட்களில் கறுத்துவிடும். வளைந்து அசையாமல் கிடக்கும் வெண்ணிறக் கூட்டுப்புழுவைச் செத்தது என்று எறிந்துவிடாதீர்கள். மெல்லத் தொட்டால் வயிற்றுப்பகுதியை ஆட்டிக் காட்டும்.

ஒரே நேரத்தில் வாங்கிய வண்டுகள் இரண்டு மூன்று மாதம் கழித்து ஒரே வாரத்தில் மளமளவென்று விழுவதும் கொள்ளைநோய் அல்ல. முதுமை.

## மூக்கைத் துளைக்கும் நெடி

புழுவின் எச்சம் பழுப்பு மணல்போல் அடியில் சேரும். உலர்ந்திருக்கும்வரை அதற்கு நாற்றம் கிடையாது; ஈரம் பட்டதும் அம்மோனியா கிளம்பும். ஆகவே நெடி வந்தால் "எச்சம் அதிகமாகிவிட்டதா" என்பதைவிட "எச்சத்துக்கு எங்கிருந்து நீர் கிடைத்தது" என்று கேட்பதே பயனுள்ள கேள்வி. பெரும்பாலும் புழுக்கள் மேலேறி நடந்து நடந்து புதைத்துவிட்ட காய்த்துண்டுதான் குற்றவாளி. அடிவரை விரலால் துழாவி அதைக் கண்டுபிடியுங்கள்; சுற்றியிருக்கும் ஈரக் கட்டியையும் சேர்த்து அள்ளி எறியுங்கள். பிறகு முழுவதையும் சலித்து, எச்சத்தை நீக்கி, புதுத் தவிடு இடுங்கள்.

காய் எதுவும் புதையவில்லை, ஆனாலும் அடித்தவிடு பிசுபிசுக்கிறது என்றால் மூடியைப் பாருங்கள். உட்புறம் நீர்த்துளி தெரிந்தால் பெட்டிக்குக் காற்று போதவில்லை. வழவழப்பான உயர்ந்த சுவர் உள்ள பெட்டிக்கு மூடியே தேவையில்லை என்பது என் கருத்து. வேறு பூச்சி விழும் என்ற அச்சம் இருந்தால் மூடியின் நடுவே பெரிதாக வெட்டி நுண்ணிய உலோக வலை ஒட்டுங்கள். ஊசியால் குத்திய பத்துப் பன்னிரண்டு துளைகள் கண்துடைப்புதான்.

அழுகல் நாற்றம் வேறு வகை. அது இறந்த புழுக்களிலிருந்து வருவது. வண்டுப் பெட்டியைக் கிளறும்போது மட்டும் கடுமையான வேதிமணம் வருகிறதென்றால் கவலை வேண்டாம். தொந்தரவு செய்தால் வண்டுகள் குயினோன் என்ற காரப் பொருளைச் சுரக்கும், தற்காப்புக்காக.

## தவிட்டின் மேல் தூசு நகர்கிறது

இதுதான் வளர்ப்பவர்கள் மிகவும் அஞ்சும் அறிகுறி, அஞ்சுவதிலும் நியாயம் உண்டு. பெட்டியின் ஓரங்களில், காய்த்துண்டின் அடியில், வெளிறிய பழுப்புத் தூள் படிந்திருக்கிறது. ஊதினால் பறப்பதற்குப் பதில் ஊர்கிறது. அது தானிய உண்ணி. ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது.

முதலில் அது உண்ணிதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள், ஏனெனில் அப்போதுதான் பொரித்த மாவுப்புழுக் குஞ்சுகளைப் பார்த்து "உண்ணி வந்துவிட்டது" என்று முழுப் பெட்டியையும் கொட்டியவர்கள் உண்டு. கறுப்புத் தாளில் ஒரு தேக்கரண்டித் தவிட்டைக் கூம்பாகக் குவித்து அரைமணி நேரம் விடுங்கள். கூம்பு தானாகச் சரிந்து, சுற்றிலும் மெல்லிய தூள் வட்டம் பரவியிருந்தால் உண்ணி. நீளவாக்கில் நெளியும் மெல்லிய இழைகள் தெரிந்தால் அவை உங்கள் குஞ்சுப் புழுக்கள், வாழ்த்துகள். இன்னொரு சோதனை: அந்தத் தூளை விரல்களுக்கிடையே நசுக்கினால் உண்ணியிலிருந்து புதினாவை நினைவூட்டும் ஒரு மணம் வரும்.

தானிய உண்ணி நேரடியாகப் புழுவைக் கடித்துக் கொல்வதில்லை. தவிட்டைத் தின்றுவிடும், தோலுரிக்கும் புழுவையும் கூட்டுப்புழுவையும் மொய்த்துத் தொல்லை தரும், பெருகிவிட்டால் வண்டின் கால் மூட்டுகளிலும் இறக்கைக்கு அடியிலும் அப்பிக்கொள்ளும். அதன் பலவீனம் ஒன்றுதான்: உலர்ந்த காற்றில் அதனால் வாழ முடியாது. ஈரப்பதம் ஏறத்தாழ 65 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கி அங்கேயே நின்றால் பெருக்கம் நின்றுபோகும். மாவுப்புழுவோ வறட்சியைத் தாங்கும். வளர்ச்சி சுணங்கும், அவ்வளவே. இந்த வேறுபாட்டைத்தான் நாம் ஆயுதமாக்குகிறோம்.

காய் வைப்பதை நிறுத்துங்கள். மூடியை எடுத்துவிடுங்கள். காற்றோட்டமான இடத்துக்குப் பெட்டியை மாற்றுங்கள். மறுநாள் ஓர் உருளைக்கிழங்குத் தோலைத் தவிட்டின் மேல் வைத்துச் சில மணி நேரம் கழித்து எடுத்தால் அதன் அடியில் உண்ணிகள் திரண்டிருக்கும். புழுக்களை உதறிவிட்டுத் தோலை வெந்நீரில் போடுங்கள். இதை இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பச் செய்யலாம். பொறியாகவும் ஆகிறது, புழுக்களுக்குக் கொஞ்சம் நீரும் கிடைக்கிறது. தொல்லை முற்றிவிட்டிருந்தால் இது போதாது. பெரிய புழுக்களை மட்டும் சலித்துத் தனியே எடுத்து, வேறு சுத்தமான பெட்டியில், உறைய வைத்து எடுத்த தவிட்டில் விடுங்கள். பழைய தவிட்டை மூடிய பையில் உறைபெட்டியில் சில நாள் வைத்துவிட்டுப் பிறகு எறியுங்கள். வண்டுகளைக் காப்பாற்ற முயல்வது வீண்வேலை, ஏனெனில் உண்ணியைச் சுமந்து செல்பவை அவைதான். கூட்டுப்புழுக்களை மென்தூரிகையால் துடைத்துத் தனியே வைத்துப் புதிய வண்டுகளை உருவாக்கிக்கொள்ளலாம்.

உண்ணிக்கு மருந்து தேடாதீர்கள். உண்ணியைக் கொல்லும் தூள் எதுவும் மாவுப்புழுவையும் கொல்லும்; இயற்கையானது என்று சொல்லி விற்கப்படும் டயட்டம் மண்ணுக்கும் இது பொருந்தும். அது பூச்சியின் மேல்தோலில் உள்ள மெழுகைச் சிதைத்து உலர்த்திக் கொல்வது. யாருடைய தோல் என்று பார்க்காது.

உண்ணி வந்த வழி பெரும்பாலும் தவிட்டு மூட்டைதான். புதிதாக வாங்கிய தவிட்டை −18 டிகிரியில் ஒரு வாரம் உறைய வைத்து, பையைத் திறக்காமலே அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்து, பிறகு பயன்படுத்துங்கள். குளிர்ந்திருக்கும்போதே திறந்தால் காற்றின் ஈரம் தவிட்டில் படிந்து, செய்த வேலை பாழ். பெட்டியின் வெளிச்சுவரைச் சுற்றி விரலகலத்துக்குப் பெட்ரோலியம் ஜெல்லி தடவினால் பக்கத்துப் பெட்டிக்கு உண்ணி தாவாது.

## பூசணம்

பூசணம் காய்த்துண்டில் மட்டும் இருந்தால் துண்டை எடுத்தெறிந்தால் தீர்ந்தது. தவிட்டிலேயே பச்சையாகவோ சாம்பலாகவோ கட்டி கட்டியாகப் படர்ந்திருந்தால் அந்தத் தவிடு முழுவதும் போக வேண்டும். மேலாகக் கிள்ளி எடுத்தால் வேர்ப்பகுதி உள்ளேயே இருக்கும்.

காயைத் தேர்ந்தெடுப்பதில் பாதிப் பிரச்சினை தீரும். காரட்டும் உருளைக்கிழங்கும் நீரை மெல்ல விடுபவை. வெள்ளரி, தர்ப்பூசணி போன்றவை ஒரே இரவில் தவிட்டைச் சகதியாக்கும். வெட்டிய பக்கத்தைச் சிறிது நேரம் காற்றில் உலரவிட்டு, தோல் பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். அடியில் ஒரு சிறு தட்டு இருந்தால் இன்னும் நல்லது. எவ்வளவு வைப்பது? ஒரு நாளில் தின்று முடிக்கும் அளவு. மறுநாள் மிச்சமிருந்தால் அடுத்த முறை குறையுங்கள். கிண்ணத்தில் தண்ணீர் வைப்பதும் தவிட்டின் மேல் நீர் தெளிப்பதும் வேண்டாத வேலை.

## புழுக்கள் கறுத்துச் சாகின்றன

எத்தனை, எவ்வளவு வேகத்தில் என்பதைப் பொறுத்தே காரணம் மாறும்.

அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கறுப்பது எல்லாப் பெட்டியிலும் நடக்கும். தோலுரிப்பதில் சிக்கியவை, நசுங்கியவை, மற்றவை கடித்தவை. பார்க்கும்போதெல்லாம் எடுத்துவிடுங்கள், போதும்.

நாள்தோறும் கூடிக்கொண்டே போகிறது, செத்தவை கொழகொழவென்று தொட்டால் கரைகின்றன என்றால் அது பாக்டீரியாத் தொற்று. சில தொற்றுகளில் உடல் கறுக்காமல் செந்நிறமாவதும் உண்டு. மாறாக, உடல் விறைத்து, அதன்மேல் வெண்மாவோ பச்சை மாவோ பூத்திருந்தால் அது பூச்சிகளையே தாக்கும் பூஞ்சை: வெள்ளை பெரும்பாலும் பியூவேரியா, பச்சை மெட்டாரைசியம். வித்துகள் பறக்குமாதலால் அத்தகைய பெட்டியைக் கிளறாதீர்கள். ஊதிப் பார்க்கவும் வேண்டாம். இரு வகையிலும் செய்யவேண்டியது ஒன்றே: சுறுசுறுப்பாக நகரும் புழுக்களை மட்டும் கையால் பொறுக்கிப் புதுப் பெட்டிக்கு மாற்றி, நெரிசலையும் ஈரத்தையும் குறைத்து, சில வாரம் தனியே கண்காணிப்பது. பழைய பெட்டியைச் சோப்பிட்டு வெந்நீரில் கழுவி நன்றாக உலர்த்துங்கள். அந்தப் பெட்டியின் புழுக்களை வளர்ப்புப் பிராணிக்குக் கொடுக்க வேண்டாம்.

ஒரே நாளில், வளர்ந்தது குஞ்சு என்ற பேதமில்லாமல், மொத்தமாகச் செத்தால் நோயை நினைக்காதீர்கள். நோய் அவ்வளவு விரைவாக வேலை செய்யாது. ஒன்று வெப்பம், அல்லது நஞ்சு. வெப்பத்தைப் பற்றி அடுத்த பகுதி. நஞ்சு என்றால்: அதே அறையில் கொசுவுக்கோ கரப்பானுக்கோ மருந்து அடித்தீர்களா? அலமாரியில் நாப்தலின் உருண்டை இருக்கிறதா? பூனை அல்லது நாய்க்கு உண்ணி மருந்து தடவிய கையால் தவிட்டைத் தொட்டீர்களா? புதுக் காய் வைத்த மறுநாள் நடந்ததா? கொசுவிரட்டிகளில் இருக்கும் பைரெத்ராய்டு வகை மருந்துகள் பூச்சிகளுக்கென்றே உருவானவை. மாவுப்புழு அவற்றின் கண்ணுக்குக் கரப்பானின் உறவினர்தான். காயைக் கழுவுவதோடு நில்லாமல் தோலைச் சீவிவிடுவது நல்லது. புதுத் தவிட்டு மூட்டையைப் பிரித்தால் முதலில் பத்துப் புழுக்களைத் தனிக் கிண்ணத்தில் அதில் விட்டு இரண்டு நாள் பாருங்கள். சேமிப்புக் கிடங்கில் மருந்திட்ட தவிடா என்பதை அந்தப் பத்துப் புழுக்கள் சொல்லிவிடும்.

## எல்லாம் மேலே ஏறித் திரள்கின்றன

மாவுப்புழு இருட்டை விரும்பும். பகலில் மேற்பரப்பில் கும்பலாக வந்து அலைகிறதென்றால் கீழே இருக்க முடியாத நிலை. கையை உள்ளே விடுங்கள், வெதுவெதுப்பாக இருக்கிறதா? நெருக்கமாக வளரும் புழுக்கள் தாமே வெப்பம் உண்டாக்கும்; அறை 28 டிகிரியில் இருக்கும்போது தடித்த குவியலின் நடுவே அதைவிடப் பல டிகிரி ஏறியிருப்பது சாதாரணம். 35 டிகிரியைத் தாண்டினால் சாவு தொடங்கும். உடனே ஆழத்தைக் குறையுங்கள். புழுக்களை இரண்டு மூன்று தட்டுகளாகப் பிரித்து, தவிட்டை இரண்டு முதல் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் இல்லாமல் பரப்புங்கள். ஆழமான வாளியைவிட அகன்ற தாழ்ந்த தட்டே எப்போதும் மேல்.

வெப்பமில்லை, ஆனாலும் மேலே வருகின்றன, இரவில் சுவரைச் சுற்றிச் சுற்றி வருகின்றன என்றால் தாகம். ஒரு காரட் துண்டை வைத்துப் பாருங்கள்; ஐந்து நிமிடத்தில் மொய்த்துக்கொண்டால் விடை கிடைத்துவிட்டது.

## கூட்டுப்புழுவாக மாறவே இல்லை

மாதக்கணக்கில் புழு புழுவாகவே இருக்கிறது என்ற புகாருக்கு நான்கு காரணங்கள் உண்டு. குளிர் முதலாவது: 20 டிகிரிக்குக் கீழே எல்லாம் ஆமை வேகம், 15 டிகிரியை ஒட்டினால் ஏறத்தாழ நின்றுவிடும். நெரிசல் இரண்டாவது: ஓயாமல் இடித்துக்கொள்ளும் புழு உருமாற்றத்தைத் தள்ளிப்போடும். பெரிய புழுக்களில் சிலவற்றை வேறு தட்டுக்கு மாற்றினாலே மாற்றம் தெரியும்.

மூன்றாவது, நீங்கள் வைத்திருப்பது மாவுப்புழுவே அல்ல. ஐந்து சென்டிமீட்டர் நீளத்துக்கு, முனைகள் கறுத்து, கையில் எடுத்தால் முரட்டுத்தனமாகத் துள்ளுகிறதென்றால் அது சூப்பர்வார்ம், சோஃபோபாஸ் என்ற வேறு இனம். கூட்டத்தில் இருக்கும்வரை அது கூட்டுப்புழு ஆகாது. ஒவ்வொன்றையும் தனித்தனிச் சிறு குப்பியில், உணவில்லாமல், இருட்டில் ஓரிரு வாரம் அடைத்தால்தான் உருமாறும். நான்காவது காரணம் சற்று எரிச்சலூட்டுவது: ராட்சத மாவுப்புழு என்ற பெயரில் விற்கப்படுபவை பல நேரம் இளம்பருவ ஹார்மோன் கலந்த தீவனத்தில் வளர்க்கப்பட்டவை. அவை பருத்துக்கொண்டே போகும், பெரும்பாலும் வண்டாகாது. அவற்றை வைத்து வளர்ப்பைத் தொடங்க முடியாது.

## கூட்டுப்புழுவில் ஓட்டை, பாதி தின்ற உடல்

கூட்டுப்புழுவால் ஓடவும் முடியாது, கடிக்கவும் முடியாது. தாகத்தில் இருக்கும் புழுவுக்கும் வண்டுக்கும் அது நீர் நிரம்பிய குப்பி. ஆகவே தீர்வு இரண்டு: நாள்தோறும் கூட்டுப்புழுக்களைப் பொறுக்கித் தனித் தட்டில் வையுங்கள், புழுக்களுக்கு நீர்ச்சத்தும் புரதமும் குறையாமல் பாருங்கள். வெறும் தவிட்டில் புரதம் போதாது. சிறிதளவு உலர் ஈஸ்ட் கலந்தால் ஒன்றையொன்று தின்பது வெகுவாகக் குறையும்.

வெளிவந்த வண்டுகளையும் அதே தட்டில் விட்டுவைக்காதீர்கள். அவை முதலில் தேடுவது பக்கத்தில் கிடக்கும் உடன்பிறப்பைத்தான்.

பழுப்பேறி விறைத்த கூட்டுப்புழு செத்தது. கண்ணும் காலும் கறுத்து, உடல் மட்டும் வெளிறியிருந்தால் அது ஓரிரு நாளில் வண்டாகப்போகிறது, எறியாதீர்கள்.

## இறக்கை கசங்கிய வண்டுகள்

உருமாறும் நாட்களில் காற்று மிகவும் வறண்டிருந்தால் பழைய தோல் ஒட்டிக்கொண்டு, வண்டு அதிலிருந்து முழுதாக விடுபடாமல் போகும். கூட்டுப்புழுத் தட்டின் ஒரு மூலையில் ஈரப்பஞ்சு வைத்த சிறு மூடி போதும். கூட்டுப்புழுவின் மேல் நீர் படக் கூடாது. அடிக்கடி கையில் எடுத்துப் பார்ப்பதும் ஊனத்துக்குக் காரணம். தட்டின் அடியில் காகிதமோ துணியோ விரியுங்கள், ஏனெனில் வழவழப்பான பிளாஸ்டிக்கில் மல்லாந்து விழுந்த வண்டால் எழ முடியாது. லேசாகக் கசங்கிய இறக்கை இருந்தாலும் வண்டு முட்டையிடும், அதைக் கழித்துக்கட்டத் தேவையில்லை.

## வண்டுகள் இருக்கின்றன, குஞ்சுகளைக் காணோம்

பொறுமை தீர்ந்து பெட்டியைக் குப்பையில் கொட்டுபவர்கள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் கொட்டுகிறார்கள். கொட்டப்படுவது பலநூறு முட்டைகள்.

கணக்கைப் பாருங்கள். வண்டு வெளிவந்து முதல் முட்டையிட ஒன்று முதல் இரண்டு வாரம். முட்டை பொரிய இன்னும் அவ்வளவு. பொரித்த குஞ்சு இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும், முடியைப்போல் மெலிந்து, தவிட்டு நிறத்தில். கண்ணுக்குத் தென்பட மேலும் சில வாரம் ஆகும். ஆக, முதல் வண்டைப் பார்த்த நாளிலிருந்து ஒன்றரை மாதம்வரை பெட்டி காலியாகத்தான் தோன்றும். முட்டை ஒட்டும் தன்மை உடையது. தவிட்டுத் துகளும் எச்சமும் பூசிக்கொண்டு மறைந்துவிடும், தேடிப் பயனில்லை. வெளிச்சத்தில் மேற்பரப்பை அசையாமல் சிறிது நேரம் உற்றுப் பாருங்கள். தவிடு தானாகச் சிலிர்த்தால் உள்ளே ஆள் இருக்கிறது.

உண்மையாகவே வரவில்லை என்றால் மூன்று இடங்களில் தேடுங்கள். ஒன்று, உங்கள் சல்லடை: வண்டுப் பெட்டியின் எச்சத்தைச் சலித்து எறிந்தால் முட்டைகளும் குஞ்சுகளும் சேர்ந்தே போகின்றன. இரண்டு, வண்டுகளின் வயிறு: தாம் இட்ட முட்டையையே தின்பவை அவை. மூன்று, வயது: முதல் சில வாரங்களில்தான் முட்டை அதிகம், பிறகு குறைந்துகொண்டே போகும். ஒரு பெண் வண்டு வாழ்நாளில் சில நூறு முட்டைகள் இடும்; ஆகவே எண்ணிக்கைக் குறைவு அரிதாகத்தான் காரணமாகும்.

முதல் இரண்டுக்கும் ஒரே மருந்து இடம் மாற்றுவது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வண்டுகளை மட்டும் பெரிய கண் சல்லடையால் பிரித்துப் புதுத் தவிட்டில் விடுங்கள். பழைய தவிட்டைத் தேதி எழுதி ஒதுக்கி வையுங்கள்; இரண்டு மாதம்வரை சலிக்காதீர்கள். குஞ்சுகளுக்குப் பெரிய காய்த்துண்டு வேண்டாம், மெல்லிய காரட் சீவல் ஒன்றிரண்டு போதும்.

## தப்பி ஓட்டம்

வழவழப்பான பிளாஸ்டிக், கண்ணாடிச் சுவரில் மாவுப்புழுவால் ஏற முடியாது. வெளியே புழு கிடந்தால் ஏணியைத் தேடுங்கள்: சுவரில் சாய்ந்த அட்டை, ஒட்டுநாடா, கீறல், மூலையில் படிந்த எச்சப் படலம். தெர்மோகோல் பெட்டியில் வளர்ப்பவர்களுக்கு வேறு சொல்ல வேண்டியதில்லை. அதைத் தின்றே வெளியேறும். வண்டுக்கு இறக்கை இருந்தாலும் பறப்பது அபூர்வம்.

## விருந்தாளிகள்

தவிட்டில் நூலாம்படை கட்டினால் அந்துப்பூச்சி. சிறு ஈக்கள் மொய்த்தால் அழுகும் காய். மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளச் செம்பழுப்பு வண்டுகள் ஓடினால் மாவு வண்டு. அந்துப்பூச்சிக்கும் மாவு வண்டுக்கும் உறைய வைத்த தவிடே தடுப்பு. எறும்பு வந்தால் தட்டு நிற்கும் மேசையின் கால்களை நீர்க் கிண்ணங்களில் வையுங்கள்.

எலியைத்தான் கடுமையாகத் தடுக்க வேண்டும். எலிப்புழுக்கையைத் தின்ற வண்டின் உடலில் ஒருவகை நாடாப்புழு வளர்ந்து, அந்த வண்டைத் தின்னும் உயிரிக்குத் தொற்றும். எலி நடமாடிய பெட்டி என்றால் அதிலிருந்து தீனி எடுக்காதீர்கள்.

## தீனியாகக் கொடுத்தும் பிராணி தேறவில்லை

மாவுப்புழுவில் கொழுப்பும் பாஸ்பரஸும் மிகுதி, கால்சியம் மிகக் குறைவு. இதையே தின்று வளரும் பல்லி வகைகளுக்கு எலும்பு வளைவது இதனால்தான். கொடுப்பதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பு கால்சியம் கலந்த தீவனத்தில் புழுக்களை விடுங்கள், அல்லது கொடுக்கும் நேரத்தில் கால்சியம் தூளில் புரட்டுங்கள். கால்சியம் தீவனத்திலேயே நிரந்தரமாக வைத்தால் புழுக்களுக்கு ஆகாது.

## குளிர்பெட்டியில் வைத்தவை சுருங்குகின்றன

8 முதல் 10 டிகிரியில் புழு உறங்கிக் கிடக்கும், கொல்லும் குளிரல்ல. சுருங்குவது பட்டினியாலும் வறட்சியாலும். வாரம் ஒருமுறை வெளியே எடுத்து, சூடேறி நகரத் தொடங்கியதும் காய் கொடுத்து, ஒரு நாள் கழித்து மிச்சத்தை நீக்கிவிட்டுத் திரும்ப வையுங்கள். ஈரத் துண்டோடு உள்ளே வைத்தால் பூசணம். சூப்பர்வார்மைக் குளிர்பெட்டியில் வைக்கவே கூடாது, செத்துவிடும்.

## உங்களுக்கே தும்மல் வருகிறது

சலிக்கும்போது மூக்கு ஒழுகுவது, கண் அரிப்பது, கையில் தடிப்பு. எச்சத் தூசும் தோல் துகளும் நாளடைவில் ஒவ்வாமை உண்டாக்கும். இறால், நண்டு அல்லது வீட்டுத் தூசு உண்ணி ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இந்த வாய்ப்பு அதிகம், ஏனெனில் இவற்றின் சில புரதங்கள் ஒன்றையொன்று ஒத்தவை. நேரம் செல்லச் செல்லக் கூடுமே தவிரப் பழகிப்போகாது. முகக்கவசம், கையுறை அணிந்து, சலிப்பதை வெளியில், காற்று உங்களிடமிருந்து விலகி வீசும் பக்கம் நின்று செய்யுங்கள். பெட்டியைப் படுக்கையறையிலிருந்து அகற்றுங்கள். மூச்சு இறுகினாலோ இழுப்பு வந்தாலோ மருத்துவரைப் பாருங்கள். பெட்டியை வீட்டில் வேறொருவர் கையில் ஒப்படைத்துவிடுங்கள்.